காயம் உளி பிடிக்காது

போர் வந்தால்தான் பெருங்கலை பிறக்கும், வீட்டில் சாவு விழுந்தால்தான் கலைஞன் கைக்கு உயிர் வரும் என்று அச்சோவியம் பற்றிய கட்டுரை ஒன்றில் நம்மூர்க்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆளை விட வாதம்தான் முக்கியம். இந்த வாதம் அவருக்கு முன்பே புதுச்சேரியில் பலர் வாயில் புழங்கி வந்ததுதான். கோயாவுக்கு நெப்போலியன் படை, கேத்தே கோல்விட்சுக்கு மகனின் சாவு, சோம்நாத் ஹோருக்கு வங்கப் பஞ்சம் என்று மூவரை வரிசையாக நிறுத்துகிறார். வலி வந்தது, அதனால் கலை வந்தது என்கிறார். அடுத்து புதுச்சேரிக்கு வருகிறார். போரையே பார்க்காத சொகுசான ஊர் இது, இங்கே அச்சோவியர் யாரும் முளைக்க முடியாது என்கிறார். ஆகவே ஓவியம் படிக்கும் பிள்ளைகள் பொது அச்சுக்கூடம் ஒன்று வேண்டும் என்று கேட்பது வீண் செலவு, காயம் படாத கைக்கு எந்திரம் எதற்கு என்று முடிக்கிறார்.

அந்த முடிவுக்காகத்தான் இந்த எதிர்வினை. அதுவரை அவர் எழுதியது தவறான ரசனை என்று விட்டிருப்பேன். முடிவில் அவர் செய்திருப்பது அநியாயம்.

அவர் பெரிதும் நம்பியிருக்கும் சாட்சி ஜெர்மன் அச்சோவியர் கோல்விட்ஸ். அவரையே முதலில் பார்ப்போம்.

1903இல் கோல்விட்ஸ் ஒரு எட்சிங், அதாவது உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சோவியம், செய்தார். பெயர் ‘இறந்த குழந்தையுடன் பெண்’. ஆடையில்லாத தாய் ஒருத்தி காலை மடக்கி உட்கார்ந்து, செத்த பிள்ளையை அள்ளி எடுத்து, அதன் மார்பில் முகத்தைப் புதைத்திருக்கிறாள். பிள்ளையின் தலை பின்னால் சாய்ந்து தொங்குகிறது. தாய் என்பதைவிட, குட்டியை விடமாட்டேன் என்று கவ்விக்கொண்ட விலங்கு என்று சொல்லத் தோன்றும். இதற்காகக் கண்ணாடி முன் தானே உட்கார்ந்து, 7 வயது மகன் பேட்டரைக் கையில் ஏந்தி வரைந்தார். பாரம் தாங்காமல் தான் முனகியபோது, படம் அழகாக வரும் என்று பிள்ளை தன்னைத் தேற்றியதை அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தப் பேட்டர்தான் 1914 அக்டோபரில், 18 வயதில், பெல்ஜியம் போர்முனையில் சுடப்பட்டு இறந்தான்.

படம் 1903. சாவு 1914. மகனின் சாவுதான் கோல்விட்சைக் கோல்விட்ஸ் ஆக்கியது என்று எழுதியவர் இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே இல்லை. நெசவாளர் எழுச்சி பற்றிய தொகுதியைக் கோல்விட்ஸ் முடித்தது 1897இல். மறு ஆண்டு காட்சிக்கு வந்தபோது அதற்குத் தங்கப் பதக்கம் பரிந்துரைக்கப்பட்டு, ஜெர்மன் பேரரசர் தடுத்துவிட்டார். விவசாயிகள் போர் தொகுதியின் 7 எட்சிங்குகளும் 1908க்குள் முடிந்துவிட்டன. அப்போது பேட்டருக்கு 12 வயது. அதாவது, மகன் உயிரோடு இருந்தபோதே, அடுத்த வீட்டுத் தாயின் துக்கத்தை எலும்பு வரை போய்த் தொடத் தெரிந்தவர் அவர். எங்கே கற்றார்? பெர்லினில் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதியில் அவர் கணவர் கார்ல் வைத்திருந்த மருத்துவமனையில். நோயோடும் பசியோடும் வந்த பெண்களைத் தினமும் பார்த்தார், பேசினார், வரைந்தார். அதைக் காயம் என்று சொல்ல முடியாது. அது கவனம், அக்கறை, அரசியல்.

மகன் செத்த பிறகு என்ன நடந்தது? கட்டுரையாளர் கணக்குப்படி 1915இலேயே பெரும்படைப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ‘போர்’ என்ற அந்தப் புகழ்பெற்ற 7 மரச்செதுக்குகள் வெளியானது 1923இல். இடையில் ஒன்பது ஆண்டுகள். மகனுக்காகத் தொடங்கிய நினைவுச் சிற்பத்தை நடுவில் கைவிட்டார். வேறு வடிவில் மறுபடி தொடங்கி, போர்வீரர் கல்லறையில் நிறுவ 1932 ஆனது. பதினெட்டு வயதில் செத்த பிள்ளைக்குப் பதினெட்டு ஆண்டு வேலை. துக்கம் அவருக்கு உளியை எடுத்துக் கொடுக்கவில்லை. முதலில் கையை முடக்கியது. எட்சிங்கில் முயன்றார், கல்லச்சான லித்தோவில் முயன்றார், எதுவும் நிறைவு தரவில்லை. 1920இல் எர்ன்ஸ்ட் பார்லாகின் மரச்செதுக்குகளை ஒரு காட்சியில் பார்த்தார். அதன் பிறகுதான், 53 வயதில், மரத்தின் பக்கம் திரும்பினார். வழி காட்டியது இன்னொரு கலைஞனின் வேலை.

மரச்செதுக்கு என்றால் என்ன வேலை என்று கட்டுரையாளர் ஒருமுறையாவது உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். பலகையில் எங்கே செதுக்குகிறோமோ அங்கே வெள்ளை விழும். விட்டு வைத்த மேடு மட்டும் மை வாங்கிக் கறுப்பாகும். இடது வலது மாறிப் பதியும் என்பதால் படத்தைத் தலைகீழ்க் கணக்கில் யோசிக்க வேண்டும். மரத்தின் ரேகை ஒரு பக்கம் இழுக்கும், உளி ஒரு பக்கம் வழுக்கும். ஒரு வெட்டு கூடிப்போனால் கூடிப்போனதுதான், அதைத் திரும்ப ஒட்ட முடியாது. இப்போது அந்தத் தொகுதியில் ‘பெற்றோர்’ என்ற படத்தைப் பாருங்கள். அப்பாவும் அம்மாவும் மண்டியிட்டு ஒருவர் மேல் ஒருவர் சரிந்து ஒரே கறுப்பு மலையாகிப் போயிருக்கிறார்கள். அப்பா ஒரு கையால் முகத்தை மூடியிருக்கிறார். அம்மாவின் முகம் தெரியவே தெரியாது. அந்தக் கறுப்புக்குள் சில வெள்ளைக் கீற்றுகள்தான் எது தோள், எது முதுகு, எது முடி என்று சொல்கின்றன. அந்தக் கீற்றுகள் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிய முப்பது ஆண்டுப் பழக்கம் தேவைப்பட்டது. அழுதுகொண்டே அதைச் செதுக்க முடியாது. கண் தெளிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கட்டுரையாளர் மறைத்திருக்கிறார், அல்லது அவருக்குத் தெரியவில்லை. வயது நிரம்பாத பேட்டர் படையில் சேரத் தகப்பன் ஒப்புதல் தேவைப்பட்டது. கார்ல் மறுத்தார். மகனுக்காகப் பரிந்து பேசி அவரைச் சம்மதிக்க வைத்தது கோல்விட்ஸ்தான். அதே தொகுதியில் ‘தொண்டர்கள்’ என்றொரு படம் இருக்கிறது. மரணம் பறையடித்து முன்னால் போக, இளைஞர்கள் கிறங்கிப் பின்னால் போகிறார்கள். மரணத்துக்கு அடுத்து நிற்பவன் பேட்டர். தானும் மயங்கி நின்ற ஒரு தேசவெறியை ஒரு தாய் விசாரணைக் கூண்டில் ஏற்றிய படம் அது. போர் எங்கள் பிள்ளைகளை எப்படி ஏமாற்றி அழைத்துப்போனது என்று சொல்ல வந்த படத்தை, போர் கலைக்கு நல்லது என்பதற்குச் சாட்சியாகக் கொண்டுவருவது அந்தத் தாய்க்குச் செய்யும் துரோகம்.

1942இல், எழுபதைத் தாண்டிய வயதில், விதை நெல்லை அரைக்காதீர்கள் என்ற பொருளில் ஒரு லித்தோ செய்தார். ஒரு கிழவி தன் கைகளுக்குக் கீழே மூன்று பையன்களை அடக்கி வைத்திருக்கிறாள். அதே ஆண்டு, பேட்டர் என்ற அதே பெயர் வைத்த அவர் பேரன் ரஷ்யப் போர்முனையில் செத்தான். மறு ஆண்டு பெர்லின் வீடு குண்டுவீச்சில் அழிந்தது. வீட்டிலிருந்த படைப்புகளும் அதோடு போயின. ஐரோப்பாவில் போர் முடிய 16 நாள் இருக்கும்போது, 1945 ஏப்ரல் 22இல் அவர் இறந்தார். போர் அவருக்கு என்ன கொடுத்தது என்று கட்டுரையாளர் இப்போது சொல்லட்டும்.

கோயா விஷயத்தில் அதிகம் பேசத் தேவையில்லை. போர் அவருக்குத் திறமையைத் தரவில்லை. நிழலை நிழலாகவே அச்சில் கொண்டுவரும் அக்வாடின்ட் வித்தையை 1799இல் வெளியான ‘கேப்ரிச்சோஸ்’ தொகுதியின் 80 படங்களிலேயே அவர் கைவசப்படுத்திவிட்டார். போர் வந்தபோது நல்ல செப்புத் தகடு கிடைக்கவில்லை. ஏற்கெனவே தான் செய்து வைத்திருந்த நிலக்காட்சித் தகடுகளை வெட்டி, அவற்றின் பின்பக்கத்தில் ‘போரின் பேரழிவுகள்’ தொகுதியின் சில படங்களைப் பொறித்தார். அவர் உயிரோடு இருந்தவரை அந்தத் தொகுதியை வெளியிடவும் முடியவில்லை. 1828இல் இறந்தார், தொகுதி 1863இல் வந்தது.

போர் கொன்ற கலைஞர்களின் கணக்கை மட்டும் ஏன் எழுதவில்லை? மரச்செதுக்கிலும் ஓவியத்திலும் புது வழி திறந்துகொண்டிருந்த ஃபிரான்ஸ் மார்க் 1916 மார்ச்சில் வெர்டனில் குண்டு பட்டுச் செத்தார், வயது 36. அவர் நண்பர் ஆகஸ்ட் மாக்கெ போர் தொடங்கிய இரண்டாவது மாதமே செத்தார், வயது 27. இவர்கள் செய்திருக்க வேண்டிய படங்கள் எந்தக் காட்சிக்கூடத்திலும் இல்லை. உயிர் தப்பியவர்களை மட்டும் எண்ணிவிட்டு, போர் கலையை வளர்த்தது என்று எழுதுவது கணக்கே இல்லை.

இனி வங்கம். இதில்தான் கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபம் அதிகம்.

சோம்நாத் ஹோர் 1921இல் சிட்டகாங் மாவட்டத்தில் பிறந்தவர். 1942இல் ஜப்பானிய விமானங்கள் அங்கே குண்டு போட்டபோது பட்டியா கிராமத்தில் சிதறிக் கிடந்த உடல்களைப் பார்த்தார். மறு ஆண்டு பஞ்சம். அப்போது தெருவில் செத்துக் கொண்டிருந்தவர்களை வரையச் சொல்லித் தந்து, கையைப் பிடித்துக்கொண்டு போனவர் ஓவியர் சித்தப்ரசாத். இருவரும் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள். கட்சிப் பத்திரிகைக்கு அந்தப் படங்கள் போயின. மேதினிப்பூர் சுற்றி வந்து சித்தப்ரசாத் வெளியிட்ட ‘பசித்த வங்கம்’ நூலின் 5,000 படிகளைப் பிரிட்டிஷ் அரசு பறித்து எரித்தது. வலி தானாகக் கலையாகிவிடும் என்றால் அரசாங்கம் ஏன் தீப்பெட்டியைத் தேடியது? வலியை யார் உண்டாக்கினார்கள் என்று படம் பெயர் சொல்லிக் காட்டியதால்தான். அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் 20 லட்சத்திலிருந்து 30 லட்சம் வரை. மழை பொய்த்து வந்த சாவு இல்லை அது. போர்க்காலக் கொள்முதலும், பதுக்கலும், படகுகளைப் பறித்த உத்தரவும், அரசின் அலட்சியமும் சேர்ந்து கொன்றவை. அதைக் கலைக்குக் கிடைத்த வரம்போல எழுதும்போது கொலைக்குப் பொறுப்பானவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். அத்தனை லட்சம் பேரும் ஒரு படத்துக்கு மாதிரியாக நிற்கத்தான் செத்தார்களா?

ஹோரின் கை எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்த கதைதான். கல்கத்தா அரசு கலைப்பள்ளியில் ஜைனுல் ஆபிதீன் இருந்தார். மரப்பொறிப்பைச் சொல்லித்தர சஃபியுத்தீன் அகமது இருந்தார். கட்சி வழியாகச் சீன மரச்செதுக்குகள் கண்ணில் பட்டன. அந்தச் சீன மரச்செதுக்குகளுக்குப் பின்னால் எழுத்தாளர் லூ சுன் இருந்தார். 1931இல் ஷாங்காயில் ஆறு நாள் மரச்செதுக்கு வகுப்பு ஒன்றை அவர் நடத்தினார். அதே ஆண்டு இளம் எழுத்தாளர் ரோ ஷி சுட்டுக் கொல்லப்பட்டபோது, அஞ்சலி எழுதினால் தன் உயிருக்கும் ஆபத்து என்ற நிலையில், கோல்விட்சின் ‘பலி’ படத்தை ஒரு பத்திரிகையில் போட்டார். குழந்தையைக் கைநீட்டிக் கொடுக்கும் தாயின் படம். ரோ ஷியின் தாய்க்குக் கண் தெரியாது, மகன் செத்தது தெரியாமல் ஊரில் காத்திருந்தார். பெர்லினில் ஒரு தாய் செதுக்கிய பலகை ஷாங்காய்க்குப் போனது. அங்கே பழகிய கைகளின் வேலை கல்கத்தாவுக்கு வந்தது. பள்ளியும், பத்திரிகையும், கட்சியும், தோழனும் சேர்ந்து கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டு வந்த வித்தை அது. கட்டுரையாளர் இந்த முழுப் பாதையையும் அழித்துவிட்டு ‘வலி’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துவிட்டார்.

ஹோரின் உச்சம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வது ‘காயங்கள்’ தொகுதி. தொடங்கிய ஆண்டு 1971. பட்டியாவில் குண்டு விழுந்து 29 ஆண்டுகள் கழித்து. இடையில் தேபாகா போராட்டத்தில் இறங்கிய விவசாயிகளோடு 1946இல் நாட்குறிப்பும் படங்களும், தலைமறைவு வாழ்க்கை, கட்சியை விட்டு விலகியது, டெல்லியில் மாணவர்களுக்கு அச்சோவியம் சொல்லிக் கொடுத்தது, பிறகு சாந்திநிகேதன். மரம், லினோ, எட்சிங், லித்தோ எல்லாவற்றையும் கரைத்துக் குடித்த பிறகுதான், இவை எதுவும் வேண்டாம் என்று விட்டார். களிமண் அல்லது மெழுகுத் தகட்டில் கத்தியால் கீறினார், சூடுபட்ட இரும்பால் சுட்டார். அதன் மேல் சிமெண்டை ஊற்றி அச்சு எடுத்தார். அந்த அச்சில் காகிதக் கூழை அழுத்திக் காயவைத்து உரித்தார். மை கிடையாது. வெள்ளையில் வெள்ளை. நேரே நின்று பார்த்தால் வெறும் தாள்போல இருக்கும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போதுதான் கிழிந்த தோலும், வீங்கிய விளிம்பும், துளையும் எழுந்து வரும். லாரிச் சக்கரம் கீறிய சாலையிலும், கோடாலி பட்ட மரத்திலும், காரணமில்லாமல் குத்துப்பட்ட மனிதனிலும் ஒரே காயத்தைப் பார்த்ததாக அவர் சொல்லியிருக்கிறார். அப்படிப் பார்க்கும் கண் ஒரு குண்டு விழுந்த நாளில் வந்துவிடாது.

ஹோருக்கு நடந்தது எதுவும் அவர் கலையில் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது, ஒவ்வொரு தாளிலும் இருக்கிறது. துயரம் ஒரு கலைஞனுக்கு எதைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கடனை வைக்கும். அந்தக் கடனை அடைக்கும் வழியை அது சொல்லித் தராது. இந்த இரண்டையும் குழப்பியதுதான் கட்டுரை முழுக்க ஓடும் கோளாறு.

இனி நம்மூருக்கு வருகிறேன். புதுச்சேரி போரைப் பார்க்காத ஊர் என்று எழுதக் கை எப்படி வந்தது? 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் முற்றுகையில் ஊர் பட்டினி கிடந்து சரணடைந்தது. பிறகு கோட்டையையும் கட்டடங்களையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1778இலும் 1793இலும் மறுபடி முற்றுகை. துயரம் கலையைச் செய்துவிடும் என்றால் 1761இன் இடிபாட்டிலிருந்து நமக்கு ஒரு கோயா வந்திருக்க வேண்டும். அந்தக் காலத்திலிருந்து நமக்கு வந்தது என்ன? ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு. காரணம், அவரிடம் தாளும் மையும், நாள் தவறாமல் எழுதும் பழக்கமும் இருந்தன. முற்றுகையில் பட்டினி கிடந்தவர்களுக்கும் வலி இருந்தது. தாள் இல்லை.

கடற்கரைச் சாலையில் 1938இல் திறந்த போர் நினைவுச் சின்னம் யாருக்காக நிற்கிறது? பிரான்சுக்காகப் போய்ச் செத்த நம்மூர்ப் பிள்ளைகளுக்காக. அதன் பிறகும் இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போனவர்கள் உண்டு. சொல்தா என்று நாம் அழைக்கும் அந்தப் பிரெஞ்சுப் படைவீரர்களின் வீடுகளில் சுவரில் தொங்கும் பதக்கத்தைப் பார்த்திருக்கிறோம், சைகோன் கதை கேட்டிருக்கிறோம். அந்தக் கதைகளில் பாதி, சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது. 1936 ஜூலை 30இல் சவானா ஆலையில் எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய தொழிலாளர்களைப் பிரெஞ்சுப் படை சுட்டது, 12 பேர் செத்தார்கள். அவர்களுக்காக ஒரு பலகையாவது செதுக்கப்பட்டு நம் வீட்டுச் சுவர்களில் தொங்குகிறதா? புதுச்சேரியில் துயரத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அதைச் செதுக்கக் கற்ற கைகளுக்கும் கூடங்களுக்கும்தான் பஞ்சம்.

பாரதியையும் இழுத்திருக்கிறார். வறுமைதான் அவரைப் பாட வைத்தது என்று. இதை இந்த ஊரில் இருந்துகொண்டு சொல்லக் கூடாது. 1908இல் பாரதி இங்கே வந்தது பட்டினி கிடக்க அல்ல, பிரிட்டிஷ் அரசு கைது செய்வதிலிருந்து தப்ப. இந்த ஊர் அவருக்குக் கொடுத்தது அடைக்கலம். வாடகைக்கு நெருக்காத விளக்கெண்ணெய் செட்டியார், குவளைக் கண்ணன், கேட்காமல் உதவிய நண்பர்கள், நினைத்த நேரத்தில் போய் உட்கார முத்தியாலுப்பேட்டையில் ஒரு தோப்பு. இவை இருந்ததால்தான் 1912இல் பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் எழுத முடிந்தது. வறுமை அவருக்குச் செய்தது ஒன்றுதான்: ஆயுளைக் குறைத்தது. 39 வயது கூட நிறையவில்லை.

கட்டுரையாளர் ஈழத்தையும் விடவில்லை. முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு அங்கே இனி பெருங்கலை வரும், பொறாமையாக இருக்கிறது என்ற தொனியில் ஒரு பத்தி. படித்ததும் தாளை மூடி வைத்துவிட்டேன். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களையும் சுவடிகளையும் எந்தத் துயரம் திரும்ப எழுதித் தரும்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு சொல்லிக்கொடுக்கும் தா. சனாதனன் 2011இல் ‘முழுமையடையாத தோம்பு’ (தோம்பு என்றால் காணிப் பதிவேடு) என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு நூல் கொண்டுவந்தார். வீடிழந்த 80 பேர் தங்கள் வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து போட்டார்கள். கிணறு இங்கே, சாமி அறை இங்கே, மாமரம் இங்கே. ஒரு கலைஞர் அவர்கள் எதிரில் உட்கார்ந்து, கேட்டு, எழுதி, வரைந்து, அடுக்கிச் செய்த வேலை. அந்த 80 பேரிடமும் கேட்டால் படம் வேண்டாம், வீட்டைக் கொடு என்பார்கள். அவர்கள் நிலையைப் பார்த்துப் பொறாமைப்பட ஒரு கலை ரசிகரால் முடிகிறது என்றால் அந்த ரசனை எனக்கு வேண்டாம்.

அச்சுக்கூடத்துக்கு வருகிறேன். லினோவையும் மரத்தையும் கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்துக்கூட அச்செடுத்துவிடலாம். எட்சிங்குக்கு முடியாது. தகட்டின் பள்ளத்தில் இறங்கிய மையை ஈரத்தாள் உறிஞ்சி எடுக்க, உருளைகளுக்கு நடுவே டன் கணக்கில் அழுத்தம் வேண்டும். அமிலத் தொட்டி வேண்டும், காற்று வெளியே போக வழி வேண்டும், லித்தோ என்றால் கல் வேண்டும். தனி ஒரு மாணவர் வாடகை வீட்டில் இவற்றை வைத்துக்கொள்ள முடியாது. உலகம் முழுக்க அச்சோவியம் பொதுக்கூடத்தில் வளர்ந்ததற்குக் காரணம் இதுதான். சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியில் அப்படி ஒரு கூடம் இருப்பதால்தான் அங்கே தலைமுறை தலைமுறையாக அச்சோவியர்கள் வந்தார்கள். ஆலைத் தொழிலாளியின் பேத்தியும், சொல்தாவின் பேரனும், மீனவக் குப்பத்துப் பிள்ளையும் ஓவியம் படிக்கிற ஊர் இது. அவர்கள் வீட்டில் என்ன காயம் இருக்கிறது என்று கட்டுரையாளர் கேட்டாரா? கேட்காமலேயே, உங்களுக்கு வலி போதாது என்று தீர்ப்பு எழுதிவிட்டார். 2004 டிசம்பர் 26இல் இந்தக் கடல் ஏறி வந்ததைக் கூட மறந்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்.

அந்தப் பிள்ளைகள் கேட்பது ஒரு எட்சிங் எந்திரம், நாலு மேசை, காற்றோட்டமுள்ள ஒரு கொட்டகை, வாரத்தில் சில நாள் வந்து சொல்லித்தர ஓர் அச்சோவியர். இதை மறுக்க கோல்விட்சின் பெயரையும் ஹோரின் பெயரையும் பயன்படுத்த அவருக்கு உரிமை இல்லை. இருவருமே தங்களுக்குத் தெரிந்த வித்தையை வகுப்பறையில் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள். கட்டுரையாளர் தன் கடைசிப் பத்தியைத் திரும்பப் பெற வேண்டும். அது வந்த அதே பத்திரிகையில், அதே இடத்தில்.